துடிப்பு சொன்ன செய்தி



நான் 34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன். அத்தனை ஆண்டுகளிலும் நான் மிகுதியாகச் சொன்ன கட்டளை எது என்று என் பழைய மாணவர்களைக் கேட்டால், "கையைச் சும்மா வை" என்பதுதான் என்று சிரித்துக்கொண்டே கூறுவார்கள். பேனா மூடியைத் திருகும் கை, சட்டைப் பொத்தானை உருட்டும் கை, முன் பெஞ்சுக்காரனின் முதுகைச் சுரண்டும் கை, யாவும் என் கண்ணுக்குத் தப்பா. அவ்வாறு கட்டளையிட்ட நானே என் கையைச் சும்மா வைக்க அறியாமல் உயிருக்கு ஊறு தேடிக்கொள்ள இருந்தேன். அந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனூடே, இதய முடுக்கி பொருத்திக்கொண்டவர்களுக்குச் சில வேளைகளில் தோன்றும் தசைத் துடிப்பு எத்தகையது, அதை எவ்வாறு கவனிக்க வேண்டும் என்பனவற்றையும் அறிந்துகொள்வோம்.

மருத்துவமனைகளில் பேஸ்மேக்கர் என்று வழங்கும் கருவியையே இதய முடுக்கி என்கிறோம். அது ஏன் தேவைப்படுகிறது? நம் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 முறை, ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஆணை பிறப்பிப்பது, வலப்புற மேலறையின் சுவரில் உள்ள ஒரு சிறு கணு. அக்கணுவை 1907ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இரு பிரித்தானிய அறிஞர்கள் கண்டறிந்து கூறினர். அங்கே பிறக்கும் மெல்லிய மின்னலை மேலறைகளில் பரவி, நடுவே ஒரு வாயிலைக் கடந்து, கீழறைகளை அடைகிறது. கணு சோர்ந்தாலும், நடுவாயில் அடைபட்டாலும் கீழறைகளுக்கு ஆணை வந்து சேராது. அப்போது அவை தம் மனம்போனபடி, மிக மெதுவாகத் துடிக்கும்.

என் 63ஆம் வயதில் எனக்கு நேர்ந்தது அதுவே. தாமிரபரணிக் கரையிலுள்ளது எங்கள் ஊர். ஒருநாள் காலை நீராடிக் கரையேறுகையில் படித்துறையிலேயே மயங்கி விழுந்தேன். நல்ல வேளையாக விழுந்தது மேற்படியில், தண்ணீருக்குள் அன்று. மருத்துவர் என் நாடியை எண்ணினார்; நிமிடத்துக்கு 34. வாயில் அடைபட்டுவிட்டது என்றும், இதய முடுக்கி வைத்தாக வேண்டும் என்றும் சொன்னார். இடப்புறக் காறை எலும்பின் கீழே தோலைச் சிறிது கீறி, தீப்பெட்டியினும் தட்டையான ஓர் உலோகப் பேழையை உள்ளே வைத்தார்கள். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி ஒன்று, சிரை வழியாகச் சென்று இதயத்தின் வலப்புறக் கீழறையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாடி நிமிடத்துக்கு 60க்குக் கீழே இறங்கினால் கருவி உடனே ஒரு மின் துடிப்பை அனுப்பி இதயத்தைச் சுருங்கச் செய்யும். அத்துடிப்பின் அளவு சில வோல்ட்டே. அது நீடிக்கும் காலம் ஒரு மில்லி நொடியிலும் குறைவு.

இனி, மின்சாரத்துக்கும் தசைக்கும் உள்ள உறவைச் சற்றுப் பார்ப்போம். இத்தாலி நாட்டுப் பொலோனியா நகரில் வாழ்ந்த கால்வானி என்பார், அறுத்து வைத்த தவளையின் கால் மின்விசையால் துள்ளுவதைக் கண்டார். தம் ஆராய்ச்சிகளை 1791ஆம் ஆண்டில் வெளியிட்டார். உங்கள் பாடநூலில் அவர் பெயரைப் படித்திருப்பீர்கள். ஆனால் 1856ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கோலிக்கர், முல்லர் என்னும் இருவர் செய்த சோதனையைப் பலர் அறியார். அவர்கள் ஒரு தவளைக் காலை அதன் நரம்போடு பிரித்தெடுத்து, துடித்துக்கொண்டிருக்கும் மற்றோர் இதயத்தின் மீது அந்நரம்பைக் கிடத்தினார்கள். இதயம் துடிக்குந்தோறும் அந்தக் காலும் துள்ளிற்று! இதயத்தில் மின்சாரம் பிறக்கிறது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அச்சோதனை நமக்கு இன்னோர் உண்மையையும் உணர்த்துகிறது. நரம்பும் தசையும் தம்மிடம் வரும் மின்சாரம் யாருக்காகப் புறப்பட்டது என்று கேட்பதில்லை. போதிய அளவு வந்து தொட்டால் சுருங்கிவிடுகின்றன. இதயத்துக்கென்று அனுப்பிய துடிப்பு வழிதவறி அண்டையிலுள்ள தசையைத் தீண்டினால் அத்தசையும் தவறாமல் பணிந்து சுருங்கும். இந்தச் சிறு உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நான் மேலே சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

இதய முடுக்கியின் வரலாறே இந்த அண்டைத் தசையின் தொல்லையை விலக்க முயன்ற வரலாறு எனலாம். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பால் சோல் என்னும் மருத்துவர், மார்பின் மேல் மின்முனைகளை வைத்து, வெளியிலிருந்தே நோயாளியின் இதயத்தைத் துடிக்கச் செய்தார். உயிர் பிழைத்தது, ஆனால் தோலையும் மார்புத் தசைகளையும் கடந்தே இதயத்தை அடைய வேண்டியிருந்தமையால், ஒவ்வொரு துடிப்புக்கும் மார்புத் தசைகள் வெட்டி இழுத்து வலித்தன. ஆகவே, மின்முனையை இதயத்தோடு சேர்த்தே வைத்துவிட்டால் மிகச் சிறிய விசையே போதும் அன்றோ என்று அறிஞர் எண்ணலாயினர்.

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில், ஆர்னே லார்சன் என்னும் 43 வயதினர்க்கு உலகில் முதன்முதலாக உடலினுள்ளேயே இதய முடுக்கி வைக்கப்பட்டது. அறுவை செய்தவர் சென்னிங். கருவியை ஆக்கியவர் எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியாளர். காலணி மெழுகு அடைக்கும் தகர டப்பாவையே அச்சாகக் கொண்டு அக்கருவியை அவர் வார்த்தார் என்பது நினைவில் நிற்கத்தக்க செய்தி. முதற் கருவி சில மணி நேரமே இயங்கிற்று. ஆனால் லார்சன் அதன் பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கி, 2001ஆம் ஆண்டு வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அவரைச் செவ்வையாக வாழவைத்த இக்கலையின் பயனைத்தான் இன்று நம் ஊர்ப் பெரியோர் பலரும் துய்க்கின்றனர்.

இப்போது என் வரலாற்றுக்குத் திரும்புகிறேன்.

கருவி வைத்து வீடு திரும்பியபின் உடல் நலமாகவே இருந்தது. மாலை வேளைகளில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பேன். அப்போது என் வலக்கை, நான் அறியாமலே, இடத் தோளின் கீழுள்ள பேழையைத் தேடிச் செல்லும். தோலுக்கடியில் அது வழுக்கிக்கொண்டு அசையும். அதைத் தடவுவதும், விளிம்பைப் பற்றித் திருப்புவதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. பேனா மூடியைத் திருகிய என் மாணவர்களுக்கும் எனக்கும் அப்போது வேற்றுமை இல்லை.

நான்காம் மாதத்தில், இடப்புற விலாவின் கீழே ஒரு துடிப்புத் தோன்றிற்று. விக்கல் போன்றது, ஆனால் தொண்டையில் ஒலி எழவில்லை. வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்தேன். பத்து நாளில் துடிப்பு நின்றுவிட்டது. ஓமத்தின் பெருமையை வீட்டில் எல்லாரிடமும் புகழ்ந்தேன். பின்னும் சில நாள் கழித்து, இடத் தோளிலும் மேற்கையிலும் வேறொரு துடிப்புத் தொடங்கிற்று. காப்பிக் குவளையைப் பிடித்தால் காப்பி தளும்பும். அத்துடன் சோர்வும், எழுந்து நின்றால் தலைச்சுற்றலும் சேர்ந்தன.

மருத்துவரிடம் நான் போகவில்லை. ஏன் என்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகன் கடன் பட்டு எனக்குச் சிகிச்சை செய்திருந்தான். அக்கடனே தீராதிருக்கையில் இன்னும் ஒரு செலவை அவன் தலையில் ஏற்றலாகாது என்று எண்ணினேன். முதுமையில் கை நடுங்குவது இயல்புதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தோளின் மேல் துண்டைப் போர்த்து அத்துடிப்பை மறைத்துவிட்டேன்.

துண்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பயிலும் என் பேத்தி ஒரு மாலையில் அருகே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, துண்டின் முனை ஏன் குதிக்கிறது?" என்றாள். "காற்றில் ஆடுகிறதம்மா" என்றேன். "காற்று இப்படித் தாளம் தவறாமல் வீசுமா?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. உடனே அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிட நேரம் அத்துடிப்புகளை எண்ணினாள், 60 என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பற்றி நாடியை எண்ணினாள். மீண்டும் ஒரு முறை எண்ணினாள். "தாத்தா, கணக்கு ஒத்து வரவில்லையே! தோள் 60 முறை துடிக்கிறது, நாடியோ 38 முறைதான்" என்றாள்.

நான் அறிவியல் கற்பித்தவன். அவ்விரண்டு எண்களையும் கேட்ட அளவில் எனக்கு வியர்த்துவிட்டது. 60 என்பது கருவிக்கு விதித்த எண் அன்றோ? கருவி தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அது அனுப்பும் விசை இதயத்துக்குப் போகவில்லை, தோளுக்குப் போகிறது. இதயம் பழையபடி தன் போக்கில் விடப்பட்டிருக்கிறது.

அன்றிரவே மகன் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். எக்ஸ்ரே படத்தில் எல்லாம் விளங்கிற்று. நான் பேழையைத் திருப்பத் திருப்ப, கம்பி நூற்கண்டில் நூல் சுற்றுவது போல அதைச் சுற்றிக்கொண்டு, இதயத்திலிருந்து சிறிது சிறிதாக மேலே இழுக்கப்பட்டிருந்தது. முதலில் இதயத்தில் தான் பதிந்த இடத்தை விட்டு நகர்ந்தது. பின்னர், கழுத்திலிருந்து இதயத்தின் ஓரமாக இறங்கி உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பை அதன் விசை தீண்டிற்று. அதுவே நான் கண்ட விக்கல். கம்பி இன்னும் மேலேறி அந்நரம்பைக் கடந்தது, விக்கல் நின்றது. அதை நான் ஓமத்தின் வெற்றி என்று கொண்டாடினேன்! இறுதியில் கம்பியின் முனை காறை எலும்பின் அருகே வந்து, கைக்குச் செல்லும் நரம்புகளைத் தீண்டலாயிற்று.

இத்தகைய நிலையை 1968ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர்கள் எடுத்துரைத்து, அதற்கு ட்விட்லர் நோய்க்குறி என்று பெயரிட்டனர். விரலால் உருட்டி விளையாடுவோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. எல்லாரும் என்னைப் போலக் கையால் திருப்பித்தான் இதற்கு ஆளாகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தோலுக்கடியில் பேழை தளர்ந்திருந்தால் உடலசைவினாலேயே அது புரண்டுவிடுவதும் உண்டு. மருத்துவர்கள் எனக்குக் கம்பியை மீண்டும் இதயத்தில் பதித்து, பேழையையும் தசையோடு தைத்து நிறுத்தினார்கள். அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விக்கல் தோன்றிய அன்றே சென்றிருந்தால், இத்தனை நாள் உயிரைப் பணயம் வைத்திருக்க வேண்டியதில்லை. மகனுக்குச் செலவு வைக்கலாகாது என்று மறைத்த எனக்காக அவன் மருத்துவமனை வாயிலில் இரண்டு இரவுகள் விழித்திருந்தான்.

நண்பர்களே, துடிப்பு என்றால் எல்லாமே இத்துணை அஞ்சத்தக்கவை அல்ல. பேழையின் அடியிலுள்ள மார்புத் தசை துடிப்பதும் உண்டு. கம்பியின் மேலுறை எங்கேனும் பழுதுபட்டால் மின்சாரம் அவ்வழியே கசியும்; பேழையின் உலோகத்தையே ஒரு முனையாகக் கொண்டு கருவி இயங்கும்போதும் அத்தசை துடிக்கக்கூடும். கம்பி நல்ல இடத்திலேயே இருந்தும், அதன் அருகே உதரவிதான நரம்பு செல்வதால் விக்கல் போன்ற துடிப்புத் தோன்றலாம். இதயத்தின் இடப்புறத்துக்கும் தனிக் கம்பி வைத்துக்கொண்டவர்களிடம் இது மிகுதி. சிலர்க்கு இடப்புறம் சாய்ந்து படுத்தால் மட்டுமே தோன்றும். இன்னும் சில வகைக் கருவிகள், உறங்கும் நேரத்தில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன. அப்போது விசை சிறிது நேரம் கூடிக் குறைவதால் நாள்தோறும் அதே வேளையில் ஒரு துடிப்பை உணர்வோர் உண்டு.

இவற்றில் பலவற்றுக்குக் கத்தியே வேண்டியதில்லை. மருத்துவமனையில் ஒரு சிறு கருவியைத் தோலின் மேல் வைத்து, உள்ளிருக்கும் முடுக்கியோடு பேசி, அதன் வோல்ட் அளவையோ, துடிப்பு நீடிக்கும் நேரத்தையோ, மின்சாரம் செல்லும் முனைகளையோ மாற்றிவிடுகிறார்கள். சில நிமிடங்களில் துடிப்பு நின்றுவிடும். புதிதாக வைத்த கருவியில் விசையைச் சற்று மிகுதியாகவே வைத்திருப்பார்கள். ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்து கம்பி நன்கு பதிந்தபின் அதைக் குறைப்பது வழக்கம். அதனாலும் தொல்லை தணிவதுண்டு.

கருவிக்குத் தொடர்பே இல்லாத துடிப்புகளும் உண்டு. கண்ணிமை துடிப்பதும், களைப்பினால் கெண்டைக்கால் சதை துள்ளுவதும் எல்லார்க்கும் உள்ளனவே. சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர்க்கு உடலிலுள்ள உப்புகள் குறைவதாலும் தசை துடிக்கும். இவை பெரும்பாலும் தாளமின்றி வந்து போகும்.

ஆகவே வேற்றுமையை அறிய நான்கு வினாக்களைக் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். துடிப்பு எவ்விடத்தில்? தாளத்தோடு வருகிறதா, நிமிடத்துக்கு எத்தனை? அதே வேளையில் நாடி எத்தனை? எப்போது தொடங்கிற்று, படுக்கும் நிலையாலோ, நேரத்தாலோ, கையசைவாலோ மாறுகிறதா? கருவிக்கு விதித்த எண்ணையும் மருத்துவரிடம் கேட்டு, நோயாளியிடம் உள்ள அட்டையில் குறித்து வைப்பது நலம். இதனைக் கொண்டு நீங்களே நோயைத் தீர்மானித்துவிடக் கூடாது. இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடித்தாலும் நாடிக் கணக்குக் குறைவாகத் தோன்றும். எண்ணிச் சொல்வது நம் பணி; முடிவு சொல்வது மருத்துவர் பணி.

ஆனால் துடிப்போடு தலைச்சுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல், மார்வலி இவற்றுள் ஒன்றேனும் சேர்ந்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நாடி விதித்த எண்ணுக்கு மிகவும் கீழே இருந்தாலும் அப்படியே. உடனே 108ஐ அழையுங்கள். கருவி வைத்த சில வாரங்களுக்குள் மார்வலியும் விக்கலும் சேர்ந்து வந்தாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். கம்பியின் முனை இதயச் சுவரைத் துளைத்திருக்கக்கூடும். இன்னொன்றையும் மறவாதீர்கள்: துடிப்புத் தானே நின்றுவிட்டது என்பது குணமாயிற்று என்பதற்குச் சான்று ஆகாது. என் விக்கல் நின்ற கதை உங்களுக்குத் தெரியுமே.

உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் இதய முடுக்கியோடு வாழும் பெரியவர்கள் இருக்கலாம். அவர்கள் தம் துன்பத்தைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளின் செலவை எண்ணி மறைப்பார்கள். முதுமை என்று சொல்லி ஒதுக்குவார்கள். அவர்களை அச்சுறுத்தாமல், அருகே அமர்ந்து, "தாத்தா, எங்கேயாவது துடிக்கிறதா?" "பாட்டி, நாடி பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். ஒரு கடிகாரமும் இரண்டு விரல்களும் போதும். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்று உண்டு: மாணவன் கண்டதைக் கண்டவாறு சொல்லப் பழக வேண்டும் என்பது. அதைப் பல ஆண்டுகள் பிறர்க்குக் கற்பித்த நான் என் உடம்பில் கண்டதைச் சொல்லத் தவறினேன். என் பேத்தி கண்டாள்; எண்ணினாள்; சொன்னாள். அதனால்தான் இன்று உங்களோடு பேச முடிகிறது.

இப்போதெல்லாம் மாலையில் செய்தித்தாள் படிக்கும்போது என் வலக்கையில் ஒரு சிறு ரப்பர்ப் பந்து இருக்கும். பேத்தி வாங்கித் தந்தது. அதை உருட்டிக்கொண்டிருக்கிறேன். கை தோள் பக்கம் போனால், உள்ளறையிலிருந்து ஒரு குரல் வரும்: "தாத்தா, கையைச் சும்மா வையுங்கள்!"